எடைமேடைக்காரர் அளந்த கொடுவா

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேசிவிடலாமே என்றால் அதுவும் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எழுதப்போவது ஒரு எடைமேடைக்காரரைப் பற்றி. அவர் மதுரை ஒத்தக்கடையில் மேலூர் சாலை ஓரம் இருந்த ஒரு எடைமேடையில் வேலை பார்த்தார். கல் ஏற்றிய லாரிகள் மேடை மேல் ஏறி நிற்கும். சின்ன அறைக்குள் சிவப்பு எழுத்தில் எடை ஓடும். அது நிற்கிற வரைக்கும் அவர் மூச்சுக்கூட விடமாட்டார். நின்றதும் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, சிநேகமும் இருக்காது.

ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள். "அண்ணே, ஒரு நூறு கிலோ ஒங்க கண்ணுல படாமப் போனா என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அதே எண்ணை இன்னொரு தடவை படிப்பார். ஒருநாள் சொந்த மச்சினனே லாரியோடு வந்து நின்று கெஞ்சினான். "மேடைக்கு மச்சினன் தெரியாது" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவருடைய அக்கா மகனுக்குத் தல்லாகுளத்தில் பெண் பார்த்தார்கள். பையன் ஐந்தடி ஆறு அங்குலம் என்று தரகர் பெண் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த இவர் வாயைத் திறந்தார். "அஞ்சடி மூணரை. போன பொங்கலுக்கு நாந்தேன் நிலையில நிறுத்தி அளந்தேன்." அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அக்கா மூன்று வருடம் பேசவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "பேசலைன்னா அவன் வளந்துட்டானா?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் தூண்டில்காரராக இருந்ததுதான் வேடிக்கை. தூண்டில் போடுகிறவர்கள் பொய் சொல்லாமல் இருப்பது கஷ்டம். பிடித்த மீன் ஒரு முழம் என்றால், கதையில் அது இரண்டு முழம் ஆகும். தப்பிய மீன் ஆள் உயரம் இருக்கும். யாராவது இரண்டு கையையும் விரித்து, "இம்புட்டுப் பெருசுண்ணே" என்று ஆரம்பித்தால், இவர் பக்கத்தில் வந்து அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளுவார். சரியான இடம் வந்ததும் விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாடகைக்கு ஓட்டும் ஆம்னி வேனில் ஐந்து பேர் கிளம்புவார்கள். மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் தாண்டிப் போனால் ஒரு சின்ன ஆறு கடலில் சேருகிற இடம். ஊர்ப் பெயர் வேண்டாம். வருடத்தில் பாதி நாள் மணல் மேடு ஆற்றின் வாயை அடைத்திருக்கும். மழை இறங்கினால் தண்ணீர் மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அந்த வழியாகத்தான் கொடுவா மீன் போகவும் வரவும் செய்யும்.

முதல் தடவை நாங்கள் போனபோது அந்த ஊர் மீனவர்கள் சிரித்தார்கள். "மதுரையில இருந்து இம்புட்டுத் தூரம் வந்து தூண்டில் போடுறீகளாக்கும்? ஒங்க தெப்பக்குளத்துல போட வேண்டியதுதான?" என்றார் ஊர்த் தலைவர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கட்டுப்பாட்டைச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சினை மீன் நடமாடும் காலம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் ஆற்றின் வாயில் வலை கட்ட மாட்டார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நாங்கள் தூண்டில் போடலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

"விட்டுர்றோம். எத்தன பிடிச்சோம், எத்தன விட்டோம்னு எழுதியும் காட்டுறோம்" என்றார் எடைமேடைக்காரர். யாரும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த நோட்டு. கடல் மீன் ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம் அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார். ஒரு பை நிறைய மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயிறு கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு எண். மீனின் முதுகுத் துடுப்புக்குக் கீழே ஊசியால் செருகிவிட்டு, நீளத்தையும் நாளையும் எழுதிக்கொண்டு விட வேண்டும். பின்னால் யாராவது அதே மீனைப் பிடித்தால், அது எங்கே போனது, எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். கொடுவா சின்ன வயதில் ஆணாக இருக்கும், பெருத்த பிறகு பெண்ணாக மாறும் என்றும் மேடம்தான் சொன்னார்.

"எங்க வீட்டுலயும் அப்பிடித்தேன் மேடம்" என்றார் எங்களோடு வரும் டைல்ஸ்காரர். "கல்யாணத்தப்ப நான் அதிகாரம் பண்ணுனேன். இப்பப் பூராம் அவதேன்." எல்லோரும் சிரித்தோம். எடைமேடைக்காரர் மட்டும், "எத்தன சென்டிமீட்டர்ல மாறும்?" என்று கேட்டார்.

டைல்ஸ்காரர் தாராளமான ஆள். டீயும் பரோட்டாவும் அவர் செலவு. அவர் கடைச் சரக்கை வாரத்தில் நாலு நாள் ஏற்றி இறக்கித்தான் என் வண்டி ஓடியது. என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

நான் ஆரம்பத்தில் வேனை விட்டு இறங்கவே மாட்டேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ எடைமேடைக்காரர் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எங்க கையெல்லாம் ஈரம். நீங்க எழுதுங்க தம்பி."

"எனக்கு எழுத்து வராதுண்ணே."

"எண்ணு வரும்ல? மீனுக்கு எதுக்கு இலக்கணம்?"

அன்றிலிருந்து நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்துப் போடுவார். பிறகு எனக்கும் ஒரு தூண்டில் கொடுத்து வீசக் கற்றுக்கொடுத்தார்.

அவர் மீன் அளப்பதைப் பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளில் பின்பக்கம் பார்த்த சின்ன முள் இருக்கும். அதைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் வீசுவார், கழற்றும்போது வாய் கிழியக்கூடாது என்று. அதனால் பாதி மீன் தப்பிப் போகும். போகட்டும் என்பார். அளக்கும் பலகையையும் கையையும் நனைத்துக்கொள்வார். மீனின் கண் மேல் ஈரத் துணி போடுவார், அது அடங்கிவிடும். வாயை மூடிப் பிடித்துத்தான் அளப்பார். திறந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடுமாம். எடைமேடைக் குரலில் எண்ணைப் படிப்பார். தண்ணீரில் இறக்கியதும் விட்டுவிட மாட்டார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, மீனை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது தானாகக் கையை உதறிக்கொண்டு போக வேண்டும். போன பிறகுதான் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க, விட்டாச்சு" என்பார்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அந்த நோட்டில் நான் இரண்டு பொய் எழுதினேன்.

முதல் பொய் ஒரு ஐப்பசி மாதத்தில். டைல்ஸ்காரர் தூண்டிலில் எண்பத்தெட்டு சென்டிமீட்டர் கொடுவா ஒன்று விழுந்தது. எடைமேடைக்காரர் அளந்து, கயிறு செருகி, டைல்ஸ்காரர் கையில் கொடுத்து, "நீங்களே விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தூண்டிலைப் பார்க்கப் போனார். நான் வேன் ஓரம் நோட்டோடு நின்றேன். டைல்ஸ்காரர் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. நேராக வேனுக்கு வந்தார். ஐஸ்பெட்டியைத் திறந்து மீனை உள்ளே வைத்து, மேலே துண்டைப் போட்டார்.

"மாப்ள, நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரவுக வாராக. கடையில வாங்குற மீனையா வைக்கிறது? விட்டாச்சுன்னு எழுது."

"அண்ணே, கயிறு போட்ட மீனு..."

"ஒத்த மீனுய்யா. கடல் வத்தியா போகும்? எழுது, எழுது."

எழுதினேன். பெட்டிக்குள் மீன் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று வேனில் பாட்டைக் கூட்டி வைத்தேன்.

இரண்டாவது பொய்க்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கு அடுத்த மாதம், என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய கொடுவா என் தூண்டிலில் வந்தது. தொண்ணூற்று நாலு. எடைமேடைக்காரர் அளந்து கயிறு போட்டுக் கொடுக்கும்போது, "தம்பி, இது தாய். சீக்கிரம் விட்டுருங்க" என்றார். அதற்குள் தூரத்தில் அவருடைய தூண்டில் வளைந்தது. ஓடினார்.

என் மகளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று ஆசை. நான் எதிலும் ஜெயித்து அவள் பார்த்ததில்லை. கைபேசியைப் பாறை மேல் சாய்த்து வைத்து, மீனைத் தாடையில் பிடித்துத் தூக்கினேன். படம் சரியாக விழவில்லை. மறுபடி தூக்கினேன். மூன்றாவது தடவை தூக்கும்போது செவுள் அசையவில்லை. தண்ணீரில் வைத்து, அவர் பிடிப்பது போல ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். கையை எடுத்ததும் வயிறு மேலே வந்தது. வெள்ளையாக, அவ்வளவு பெரிய வயிறு. சினை. ஓட்டம் அதை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனது.

அவர் திரும்பி வந்து, "நல்லாப் போச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சுண்ணே" என்றேன்.

விட்டாச்சு என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். படத்தை மகளுக்கு அனுப்பவில்லை.

மறு வருடம் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வெளியூர்ப் படகுகள் குஞ்சு மீனையும் விடாத சிறு கண்ணி வலையோடு வந்து ஆற்றின் வாயைக் குறுக்கே அடைத்துக் கட்ட ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் தடுத்தபோது கைகலப்பு ஆகி ஒருவருக்கு மண்டை உடைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வலைக்குத் தடை வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். அங்கே சினை மீன் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று மீன்வளத்துறை அதிகாரி கேட்டார். தாத்தா சொன்னார் என்பது ஆதாரம் ஆகுமா? மேடம் சொன்னார்: "அந்த நோட்டுதான் ஆதாரம். இரண்டு வருஷம் வாரம் தவறாம எழுதியிருக்கீங்க. வேற யார்கிட்டயும் இப்படி ஒண்ணு இல்ல."

புரட்டாசி மாதம் விசாரணை வைத்தார்கள். அன்று காலை வேனில் நாங்கள் மூன்று பேர். நான் ஓட்டினேன். எடைமேடைக்காரர் என் பக்கத்தில், மடியில் நோட்டு. டைல்ஸ்காரர் பின்னால்.

டைல்ஸ்காரர் மகளுக்கு அன்று பிறந்தநாள். காலையிலேயே கைபேசியில் ஸ்டேட்டஸாகப் பழைய குடும்பப் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார். மானாமதுரை தாண்டியதும் எடைமேடைக்காரர் பொழுது போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படத்தில் நிறுத்தினார். விரலால் பெரிதாக்கினார். சம்பந்தி வீட்டு விருந்து. சமையலறையில் வெட்டாத முழு மீன். முதுகில் மஞ்சள் கயிறு, அதில் எண்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி."

ஓரம் கட்டினேன். நோட்டைப் புரட்டினார். "எம்பத்தெட்டு. விட்டாச்சு. இது ஒங்க எழுத்து. இது எங் கையெழுத்து." பின்னால் திரும்பினார். "மீனு எங்க போச்சு?"

டைல்ஸ்காரருக்கு முகம் கறுத்தது. "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. இப்பப் போயி அதைச் சொன்னா நோட்டு பூராம் பொய்யின்னுருவாங்க. வலைக்காரன் ஜெயிச்சுருவான். அந்த ஒத்த மீனுக்காக வார வருசம் வர்ற அம்புட்டு மீனையும் காவு குடுப்பீகளா? ரோசிங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வேன் ஆடியது.

"தப்பான சீட்டுல நான் கையெழுத்துப் போட்டதில்ல" என்றார் எடைமேடைக்காரர். பிறகு என்னைப் பார்த்தார். "எழுதுனவரு நீங்க. நீங்கதேன் சொல்லணும். வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சொல்ல வேண்டியது இரண்டு.

விசாரணை ஒரு நீளமான அறையில். மேசைக்குப் பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் ஊர்த் தலைவரும் மேடமும். எதிரே வெளியூர்ப் படகுகளின் சார்பில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், சுற்றிலும் அவருடைய ஆட்கள். ஊர்த் தலைவர் நோட்டை இரண்டு கையாலும் வாங்கி அதிகாரியிடம் நீட்டப் போனார். எடைமேடைக்காரர் எழுந்தார்.

"ஐயா, அதுல ஒரு வரி தப்பு. எழுதுனவரு சொல்லுவாரு."

ஊர்த் தலைவர் நீட்டிய கை அப்படியே நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். எண்பத்தெட்டு சென்டிமீட்டர் மீனை விட்டதாக எழுதினேன், விடவில்லை, வீட்டுக்குப் போய்விட்டது என்று சொல்லி முடித்தேன். யார் வீட்டுக்கு என்று அதிகாரி கேட்டார். டைல்ஸ்காரர் தானே எழுந்து, "எங்க வீட்டுக்கு" என்றார். அதை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "ஒண்ணு பொய்யாம்ல! அப்ப மிச்சம் எம்புட்டு? கிண்டக் கிண்டப் பொய்யா வரும்போல. இத நம்பியா எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறீக?"

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "சரி, சொல்லுங்க. இப்படி எத்தனை வரி?"

எடைமேடைக்காரர் என் பக்கம் திரும்பினார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. சிவப்பு எழுத்து ஓடி நிற்கக் காத்திருப்பாரே, அதே முகம். மூச்சு விடவில்லை.

"தம்பி, ஒண்ணுதான?"

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு என்று சொன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் இன்னும் சத்தமாகச் சிரிப்பார், நோட்டு குப்பைக்குப் போகும், வாயில் வலை விழும் என்று நினைத்தேன். இப்படித்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த நேரத்தில் நினைத்தது வேறு. தாய் மீனைப் படம் எடுக்கத் தூக்கிப் பிடித்துச் சாகடித்தவன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணுதேண்ணே."

அவர் மூச்சை விட்டார். அதிகாரியைப் பார்த்துத் திரும்பி, எடைமேடைக் குரலில் படித்தார்: "ஒண்ணு."

வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "தன் மேல உள்ள தப்பைத் தானே வந்து சொல்றவர் சொல்றார். நான் எடுத்துக்கிறேன்." நோட்டை வாங்கி, அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, தன்னிடமே வைத்துக்கொண்டார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஆற்றின் வாயில் எந்த வலையும் கூடாது என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று ஊர்த் தலைவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு, "இனிமே அந்த ரெண்டு மாசம் தூண்டிலும் வேணாம்ணே. தப்பா நினைக்காதீக" என்றார். எடைமேடைக்காரர் அந்த ஊர்த் தீர்மானத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது டைல்ஸ்காரர் பொருமினார். "நம்ம நோட்டு இல்லாட்டி இவுகளுக்கு உத்தரவு கெடச்சிருக்குமா? நம்மளையே வெளிய தள்ளிட்டாகளே!"

"ஆத்து வாய மூடணும்னு நாமதான நோட்டோட போனோம்" என்றார் எடைமேடைக்காரர். "மூடிருச்சு. நமக்கு மட்டும் சந்து விடணுமாக்கும்?"

அதன் பிறகு அவர் மற்ற மாதங்களில் என் வேனில் வந்தார், அளந்தார், நான் புது நோட்டில் எழுதினேன். அந்த விருந்து மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் எழுத்தின் கீழே முன்போலவே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவர் வேலையை விட்டுத் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் மட்டும் கைபேசியில் கூப்பிடுவார். "தம்பி, தண்ணி எறங்கிருச்சா? மேடு ஒடைஞ்சிருச்சா?" என்று கேட்பார். உடைஞ்சிருச்சுண்ணே என்பேன். சந்தோஷமாக வைத்துவிடுவார்.

அவர் ஆயுசில் தப்பான எண் ஒன்றைத்தான் படித்திருக்கிறார். அதை நான் படிக்க வைத்தேன். இதை வெளியே சொன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி கிளம்புவாரோ, உத்தரவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் பிரதி அவருக்குத்தான் திருப்பூருக்குப் போகிறது, இரண்டாவது மேடத்துக்கு. படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும்.

அண்ணே, ஒன்று இல்லை, இரண்டு. தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர், சினை மீன். விடவில்லை. என் கையில் செத்தது.

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஒத்தக்கடை.